பத்திரத்தில் பெயர் இல்லாதவர்கள்

முல்லைப் பெரியாறு பற்றி ஒரு பதிவு எழுது என்று நாலைந்து நண்பர்கள் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "நீ ஏலப்பாறைக்காரன், உனக்குத் தெரியாததா?" என்பது அவர்கள் வாதம். எனக்கு நிஜமாகவே தெரியாது. நான் படித்தது பி.காம். பார்ப்பது வங்கி வேலை. சுண்ணாம்பும் சுர்க்கியும் இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டால் கையை விரிப்பேன்.

ஆனால் இருபது வருடமாகப் பத்திரம் படித்துத்தான் சோறு சாப்பிடுகிறேன். ஊரில் கொஞ்ச வருடம், இப்போது மஸ்கட்டில். ஒரு பத்திரம் மேசைக்கு வந்தால் தொகையைப் பார்ப்பதற்கு முன் தரப்புகளைப் பார்க்க வேண்டும் என்று வேலையில் சேர்ந்த புதிதில் சொல்லிக்கொடுத்தார்கள். கொடுப்பவர் யார், வாங்குபவர் யார், அந்தச் சொத்தில் வேறு யாராவது குடியிருக்கிறார்களா? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிட்டால் பின்னாடி வம்பு நிச்சயம்.

எங்கள் மலையில் அரசாங்கங்கள் கட்டியவற்றின் வரலாற்றை அந்தக் கணக்குப்பிள்ளைக் கண்ணோடு ஒருதரம் பார்க்கலாம் என்றுதான் இந்தப் பதிவு. அணை உடையுமா உடையாதா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. அந்தச் சண்டையைத் தொலைக்காட்சியில் நிறையப் பேர் பார்த்துக்கொள்கிறார்கள். என் கேள்வி சின்னது. கட்டுவதற்கு முன் யாரைக் கேட்டார்கள்?

பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள். (எங்கள் ஊர்த் தூளாக இருந்தால் நல்லது.)

ஊர் தெரியாதவர்களுக்கு: கம்பத்திலிருந்து குமுளி ஏறி, வண்டிப்பெரியாறு, பீர்மேடு தாண்டி குட்டிக்கானத்தில் வலது பக்கம் திரும்பினால் ஏலப்பாறை. இடுக்கி மாவட்டம், பீர்மேடு தாலுகா. சுற்றிலும் தேயிலை. தோட்டத்தில் வேலை செய்ய எங்கள் முன்னோர்கள் மலையேறி வந்து நாலைந்து தலைமுறை ஆகிவிட்டது. ஊருக்குக் கிழக்கே கீழே பெரியாறு ஓடுகிறது. மேலே முல்லைப் பெரியாறு அணை. அங்கிருந்து வண்டிப்பெரியாறு, சப்பாத்து, உப்புத்தறை, அய்யப்பன்கோவில் என்று இறங்கி ஆறு இடுக்கி நீர்த்தேக்கத்தில் சேருகிறது. ஒரு அணைக்கும் இன்னொரு அணைக்கும் நடுவில் வாழ்கிற ஜனங்கள் நாங்கள்.

1886: இரண்டு தரப்பு

முதல் பத்திரம் 1886 அக்டோபர் 29-ம் தேதியது. குத்தகைக்குக் கொடுத்தவர் திருவிதாங்கூர் மகாராஜா. எடுத்தவர் பிரிட்டிஷ் இந்தியாவின் அரசுச் செயலர். காலம் 999 வருடம். சுமார் 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய், ஆக 40,000 ரூபாய். வங்கியில் 30 வருடக் குத்தகை என்றாலே நாங்கள் இரண்டு தரம் யோசிப்போம். இது 999!

அந்த அணையின் அருமையை நான் குறைத்துப் பேசவில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்துக்குப் பிறகு வேகம் எடுத்த திட்டம் அது. பென்னிகுயிக் காட்டிலும் மழையிலும் கிடந்து கட்டி, 1895 அக்டோபரில் தண்ணீர் கிழக்கே திரும்பியது. கம்பம் பள்ளத்தாக்கில் இன்றைக்கும் அவர் படத்துக்கு முன்னால் பொங்கல் வைக்கிறார்கள் என்றால் அதில் நியாயம் இருக்கிறது. கட்டுமானத்தில் காலராவுக்கும் மலேரியாவுக்கும் பலியான கூலிகளுக்கு அப்படி ஒரு படம் கிடையாது. பெயர் இருந்தால்தானே படம் இருக்கும்.

சரி, தரப்புகளுக்கு வருவோம். ஒரு பக்கம் ராஜா, ஒரு பக்கம் ராணியின் சர்க்கார். அந்தக் காட்டில் மன்னான், பளியர், ஊராளி மக்கள் இருந்தார்கள். அவர்கள் தரப்பு இல்லை. அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் பிற்பாடு குடியேறப்போகிற எங்கள் ஆட்களும் தரப்பு இல்லை. அந்தக் காலத்தில் எங்கேயும் அப்படித்தான், அதற்காக 1886-ஐ மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

1970 மே மாதம் இந்தப் பத்திரத்துக்குத் துணை ஒப்பந்தம் போட்டார்கள். ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது. தமிழ்நாடு மின்சாரம் எடுத்துக்கொள்ள இசைவு வந்தது. மீன்பிடி உரிமை கேரளத்துக்குத் திரும்பியது. சுதந்திரம் வந்து 23 வருடம், இரண்டு பக்கமும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அரசுகள். தரப்புகள் அப்போதும் இரண்டுதான்.

இந்த இரண்டு தரப்புக் கணக்கின் விளைவை 2021 டிசம்பரில் பார்த்தோம். இரவு நேரத்தில் மதகைத் திறந்ததில் வள்ளக்கடவு, வண்டிப்பெரியாறு பக்கம் ஆற்றோர வீடுகளில் தண்ணீர் புகுந்தது. முன்னறிவிப்பு போதவில்லை என்று கேரளம் உச்ச நீதிமன்றம் போனது. தமிழ்நாடு மறுத்தது. அந்தக் கரையில் தமிழ்க் குடும்பங்களும் நிறைய. நீர்மட்டம் 136 அடியா, 142 அடியா என்பது நமக்கெல்லாம் மானப் பிரச்சினை. ராத்திரி இரண்டு மணிக்கு முழங்கால் தண்ணீரில் ரேஷன் அரிசியைத் தூக்கிப் பரணில் வைக்கிறவருக்கு, எத்தனை மணிக்குச் சொன்னார்கள் என்பதுதான் பிரச்சினை.

1961: மழையில் இறக்கிவிட்டவர்கள்

ஆற்றோடு கீழே போனால் இடுக்கி. இந்த அணைக்கு ஒரு கதை உண்டு, பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவார்கள். 1922-ல் மலங்கரை எஸ்டேட் சூப்பிரண்டெண்ட் டபிள்யூ.ஜே. ஜான் வேட்டைக்குப் போனபோது, குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவில் பெரியாறு பாய்கிற இடுக்கைக் கொலும்பன் என்ற பழங்குடித் தலைவர் காட்டிக்கொடுத்தார். அந்த இடுக்கில்தான் 554 அடி உயரத்துக்கு வளைவு அணை எழுந்தது. கனடா நாட்டு உதவியோடு கட்டி, 1976 பிப்ரவரி 12-ம் தேதி இந்திரா காந்தி தொடங்கி வைத்தார். மூலமற்றம் மின்நிலையத்தின் திறன் 780 மெகாவாட். கேரளத்துக்கு வெளிச்சம் வந்தது அங்கிருந்துதான்.

கொலும்பனுக்கு அங்கே நினைவிடம் இருக்கிறது. வழி கேட்கும்போது கொலும்பன் இருந்தார். திட்டம் போடும்போது அவருடைய ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்டதாகப் பள்ளிக்கூடக் கதையில் வராது.

நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காலி செய்வதற்காக 1961-ல் அய்யப்பன்கோவிலில் குடியேறியிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயக் குடும்பங்களைக் கிளப்பினார்கள். லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்க் குமுளிக்குப் பக்கத்தில் அமராவதியில் விட்டார்கள். அது தென்மேற்குப் பருவமழை தொடங்குகிற நேரம். எங்கள் பக்கத்து ஜூன் மழை என்னவென்று தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் குடியேறிகள் திடீரென்று முளைத்தவர்களும் இல்லை. 1940-களில் உணவுப் பஞ்சத்தில் காட்டைத் திருத்திப் பயிர் செய்யச் சொல்லி ஊக்கம் கொடுத்தது அரசாங்கமே. 1950-களின் நடுவில் மலைநாட்டுக் குடியேற்றத் திட்டம் கொண்டுவந்ததும் அரசாங்கமே. அதில் பட்டம் தாணுபிள்ளையின் பெயரில் ஒரு காலனி உண்டு. 1961-ல் ஆட்கள் லாரியில் ஏற்றப்பட்டபோது முதலமைச்சராக இருந்தவரும் அவரேதான்.

அந்த ஜூனில் ஏ.கே. கோபாலன் அமராவதிக்கு வந்து உண்ணாவிரதம் உட்கார்ந்தார். நாடாளுமன்றத்தில் கம்யூனிஸ்ட் தலைவர் அவர். அதற்குப் பிறகுதான் அரசு பேச்சுக்கு இறங்கியது. கேரளத்தில் கட்சி கடந்து நினைவில் வைத்திருக்கும் போராட்டம் அது. என்றாலும் ஒன்றைக் கவனியுங்கள். அணை வேண்டுமா, வேறு இடம் உண்டா என்ற பேச்சே அங்கே எழவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, தூக்கி எறிந்தவர்களுக்கு என்ன கொடுப்பது என்பதுதான் பேச்சு. கேட்டது ஒரு தலைவர் பட்டினி கிடந்த பிறகு.

பாலக்காட்டில் கணக்கைக் கேட்டவர்கள்

இடுக்கி அணை எழுந்துகொண்டிருந்த அதே வருடங்களில், அதே மின்வாரியம், வடக்கே பாலக்காடு மாவட்டத்தில் குந்திப்புழை ஆற்றில் இன்னொரு அணைக்குத் தயாரானது. அமைதிப் பள்ளத்தாக்கு. 1973-ல் திட்டக்குழு ஒப்புதல் தந்தது. 120 மெகாவாட்டில் தொடங்குவது, சுமார் 830 ஹெக்டேர் காடு முழுகும்.

இங்கே கதை வேறு மாதிரி போனது. நிறையப் பேருக்கு நினைவில் இருப்பது சிங்கவால் குரங்கும் சுகதகுமாரி டீச்சரின் கவிதைகளும். எனக்குப் பிடித்தது வேறு. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அமைப்பைச் சேர்ந்தவர்கள் 1979-ல் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். எம்.கே. பிரசாத் தாவரவியல் பேராசிரியர். கூட இருந்தவர்கள் பொறியாளர், விவசாய அறிவியலாளர், பொருளாதார நிபுணர் என்று பல துறைக்காரர்கள். மின்வாரியத்தின் கணக்கை எடுத்து வரிவரியாகச் சரிபார்த்தார்கள். இந்த மின்சாரம் யாருக்கு, வேறு வழியில் எடுத்தால் என்ன செலவு, இழப்பில் எதையெல்லாம் சேர்க்காமல் விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். கடன் விண்ணப்பத்தோடு வரும் திட்ட அறிக்கையை நாங்கள் பிரிப்பது போலவே! பிறகு அதை மலையாளத்தில் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். எதிர்த்தரப்பிலும் ஆட்கள் இருந்தார்கள். மலபாருக்கு மின்சாரம் வேண்டும், வேலை வேண்டும் என்றார்கள். அதுவும் நியாயமான குரல்தான். விவாதம் நடந்தது.

1980 ஜனவரியில் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆனாலும் எதிர்ப்பு அடங்கவில்லை. எம்.ஜி.கே. மேனன் தலைமையில் குழு அமைந்தது, திட்டம் கைவிடப்பட்டது, 1984 நவம்பரில் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது.

இதிலும் ஒரு குறை உண்டு. அந்தக் காட்டின் ஓரத்தில் அட்டப்பாடியில் வாழும் இருளர், முடுகர் குரலைவிட ஆசிரியர்கள், கவிஞர்கள், விஞ்ஞானிகள் குரல்தான் டெல்லிவரை எட்டியது. காடு பிழைத்தது நல்ல விஷயம். ஆனால் காட்டோரத்து ஆட்களுக்குத் தரப்பாகும் உரிமை அப்போதும் சட்டத்தில் இல்லை.

சட்டத்துக்குள் வந்த கேள்வி

நிலம் எடுப்பதற்கு 2013 வரை நம் நாட்டில் நடப்பில் இருந்தது 1894-ம் வருடச் சட்டம். அதன்படி நிலத்தில் உரிமை உள்ளவருக்கு நோட்டீஸ் வரும். தோட்டத் தொழிலாளிக்கு லயத்து வீடு கம்பெனியுடையது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். பட்டா இல்லை, நோட்டீஸும் இல்லை.

வெளியில் என்ன நடந்தது என்று பார்த்தால், பணம் கொடுக்கிறவர்கள் பயந்த பிறகுதான் கேட்பது ஒரு விதியாக மாறியது. நர்மதையில் சர்தார் சரோவர் அணைக்கு உலக வங்கி கடன் கொடுத்திருந்தது. எதிர்ப்பு முற்றியதும் மோர்ஸ் தலைமையில் தனிக் குழு போட்டுப் பார்த்தது. வெளியேற்றப்படும் மக்களைப் பற்றிய கணக்கே சரியில்லை என்று 1992-ல் அந்தக் குழு எழுதியது. 1993-ல் மீதிக் கடன் நின்றது. தனியார் வங்கிகள் பத்து சேர்ந்து 2003-ல் 'ஈக்வேட்டர் கொள்கைகள்' என்று ஒரு விதித்தொகுப்பை ஏற்றன. பெரிய திட்டத்துக்குக் கடன் கொடுக்கும் முன் பாதிக்கப்படும் மக்களோடு ஆலோசித்தார்களா என்று பார்க்க வேண்டும் என்பது அதில் ஒன்று. எங்கள் தொழிலில் தர்மம் பெரும்பாலும் கடன் முடங்கும் பயத்தின் தோளில் ஏறித்தான் வரும், அதை மறைப்பானேன்.

இந்தியாவில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 1994-ல் வந்தது. பொது மக்கள் கருத்துக் கேட்பைக் கட்டாயமாக்கியது 1997 ஏப்ரல் திருத்தம். 2006 செப்டம்பரில் புது அறிவிக்கை. அதன்படி 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கூட்டம் திட்ட இடத்திலோ அதற்கு மிக அருகிலோ நடக்க வேண்டும். சுருக்கம் உள்ளூர் மொழியிலும் கிடைக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவர் பிரதிநிதியோ தலைமை. பேசியதை உள்ளூர் மொழியில் எழுதி, கூட்டத்திலேயே வாசித்துக் காட்ட வேண்டும். காகிதத்தில் அழகான ஏற்பாடு. குறைந்தது இத்தனை பேர் வரவேண்டும் என்று மட்டும் விதி இல்லை. யாருமே வராவிட்டாலும் கூட்டம் 'நடந்துவிடும்'.

இந்த விதி பல் உள்ளது என்பதைப் பாலக்காட்டுக்கும் இடுக்கிக்கும் நடுவில், சாலக்குடி ஆற்றில் பார்த்தோம். 163 மெகாவாட் அதிரப்பள்ளித் திட்டத்தில் சட்டப்படி மக்கள் கருத்துக் கேட்கவில்லை என்பதால் 2001-ல் கேரள உயர் நீதிமன்றம் தடுத்தது. பிறகு 2002-ல், மறுபடி 2006-ல் கூட்டம் நடந்தது. வாழச்சால் காடர் மக்கள் தங்கள் பெயரிலேயே எதிர்ப்பைச் சொன்னார்கள். வன உரிமைச் சட்டப்படி 2014-ல் அவர்களுக்குச் சமூக வன உரிமையும் கிடைத்தது. 1886-ல் தரப்பாக இல்லாத வகை மனிதர்கள் இங்கே தரப்பு ஆனார்கள். இடையில் 128 வருடம்.

ஒடிசாவின் நியமகிரி இன்னும் ஒரு படி மேலே. அங்கே பாக்சைட் எடுக்கலாமா என்பதைக் கிராம சபைகள் முன் வைக்கச் சொல்லி 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த வருடமே 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன.

அதே 2013-ல் புது நிலம் கையகப்படுத்தும் சட்டமும் நிறைவேறி, 2014 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. சொந்த நிலம் இல்லாவிட்டாலும், மூன்று வருடம் அந்த இடத்தில் இருந்து, பிழைப்பு அந்த நிலத்தை நம்பியிருந்தால், கூலி விவசாயியும் குத்தகைக்காரரும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்ற சொல்லுக்குள் வருவார்கள். முன்கூட்டியே சமூகத் தாக்க மதிப்பீடும் வேண்டும். பட்டாவை மட்டும் பார்த்த சட்டம், 120 வருடம் கழித்துக் குடியிருப்பவரையும் பார்க்க ஆரம்பித்தது.

கேட்க வந்த அறிக்கையை யாரும் படிக்கவில்லை

இப்போது எங்கள் மாவட்டத்துக்குத் திரும்புகிறேன். கொஞ்சம் கசப்பான கட்டம். சொந்தக்காரர்களோடு சண்டை வருகிற விஷயமும்கூட.

மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றி ஆராய 2010-ல் மாதவ் காட்கில் தலைமையில் மத்திய அரசு ஒரு குழு போட்டது. 2011 ஆகஸ்ட் கடைசியில் அறிக்கை கொடுத்தார்கள். மலையை மூன்று வகை மண்டலமாகப் பிரித்து, எங்கே எது கூடாது என்று சொல்லிவிட்டு, கடைசி முடிவைக் கிராம சபைகளிடம் கொண்டுபோங்கள் என்றது அது. மேலிருந்து கீழே திணிக்காதீர்கள் என்பதே அதன் அடிப்படை.

அப்புறம் என்ன நடந்தது? அமைச்சகம் அறிக்கையைப் பூட்டி வைத்துக்கொண்டது. கேரளத்திலிருந்து ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டார். வெளியிடச் சொல்லி 2012 ஏப்ரலில் மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்டது. அமைச்சகம் டெல்லி உயர் நீதிமன்றம் போய் அங்கேயும் தோற்று, மே மாதம் வெளியிட்டது. மக்களிடம் கேளுங்கள் என்று சொன்ன அறிக்கையை மக்கள் கண்ணில் காட்டவே எட்டு மாதத்துக்கு மேல் ஆனது. அதுவும் ஆங்கிலத்தில், நூற்றுக்கணக்கான பக்கம்.

அடுத்து கஸ்தூரிரங்கன் குழு. 2013 ஏப்ரல் அறிக்கை. செயற்கைக்கோள் படத்தை வைத்து மலையில் 37 சதவீதத்தைச் சூழல் உணர்வு மிக்க பகுதி என்று பிரித்தது. கேரளத்தில் 123 கிராமம். அந்த நவம்பரில் மத்திய அரசு உத்தரவு போட்டதும் இடுக்கி கொதித்தது. கடையடைப்பு, சாலை மறியல். பட்டா கிடைக்காது, வீடு கட்ட விடமாட்டார்கள், காட்டிலாகா வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் என்று பேச்சு பரவியது. அதில் எது உண்மை எது புரளி என்று பிரித்துப் பார்க்க, கையில் அவரவர் மொழியில் ஒரு காகிதம் இல்லை. 2014 தேர்தலில் அந்தக் கோபத்தில்தான் இடுக்கி நாடாளுமன்ற உறுப்பினரே மாறினார்.

அந்த மக்களை முட்டாள்கள் என்று நகரத்துக்காரர்கள் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1961-ல் அப்பாவை லாரியில் ஏற்றியதைப் பார்த்த மகன், மறுபடி சர்க்கார் வரைபடத்தோடு வந்தால் கல்லைத்தான் எடுப்பான். ஒரு தடவை கேட்காமல் செய்ததற்கு அடுத்த தலைமுறையிலும் வட்டி கட்ட வேண்டியிருக்கிறது. நம்பிக்கை வராக்கடன் ஆகிவிட்டால் வசூல் சுலபமில்லை.

வரைவு அறிவிக்கை 2014 மார்ச்சில் முதல்முறை வந்தது. ஆறாவது தடவையாக 2024 ஜூலை 31-ம் தேதி வந்தது. வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை மண்ணோடு போன மறுநாள்.

லயத்துக்காரர் எங்கே?

இந்தச் சண்டை முழுவதும் ஒரு பக்கம் பட்டாக்கார விவசாயி, ஒரு பக்கம் சூழல்வாதி, நடுவில் கட்சிகள், சபைகள். லயத்துத் தமிழ்க் குடும்பங்களின் பேச்சு எங்கேயாவது காதில் விழுந்ததா? 2000-க்குப் பிறகு பீர்மேடு பக்கம் பல தோட்டங்கள் மூடி, வருடக்கணக்கில் சம்பளம் இல்லாமல் ஒழுகுகிற லயத்தில் கிடந்தவர்கள் அவர்கள். சூழல் சட்டம் வந்தால் தங்களுக்கு என்ன ஆகும் என்று கேட்க அவர்களுக்கும் காரணம் இருந்தது.

இவர்கள் வாயில்லாப் பூச்சிகள் என்று நினைத்துவிட வேண்டாம். 2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளிகள் 'பெண்கள் ஒற்றுமை' என்று பெயர் வைத்துக்கொண்டு, தொழிற்சங்கத் தலைவர்களையே தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, போனசுக்கும் கூலிக்கும் ரோட்டில் உட்கார்ந்தார்களே! பேசத் தெரியாதவர்களா அவர்கள்? கேட்கிற இடம்தான் இல்லை.

2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு ராஜமலைப் பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மூடிக்கொண்டன. 70 பேர். அதில் பல குடும்பங்களுக்கு வேர் கயத்தாறு. மின்சாரம் இல்லை, போன் வேலை செய்யவில்லை, வெளியுலகுக்குச் செய்தி போனதே மறுநாள் காலை. அந்த லயத்து ஆட்களிடம் எப்போதாவது ஒரு சர்க்கார் அதிகாரி, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? அணை கேட்டிருக்க மாட்டார்கள். மழையில் அறுந்து போகாத போன், நல்ல பாலம், சரிவுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு. அவ்வளவுதான் கேட்டிருப்பார்கள். வேண்டாம் என்று சொல்லக் கூப்பிடுவதோடு கருத்துக் கேட்பு முடிந்துவிடக் கூடாது. எது வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்

2020-ல் சூழல் மதிப்பீட்டுக்குப் புது வரைவு வந்தது. 30 நாள் முன்னறிவிப்பை 20 ஆகக் குறைக்கும் யோசனை அதில் இருந்தது. வெளியிட்டது இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும். எட்டாவது அட்டவணை மொழிகள் 22-லும் மொழிபெயர்க்கச் சொல்லி அந்த ஜூன் 30-ம் தேதி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மத்திய அரசு அதை எதிர்த்து மேல்முறையீடு போனது. கேட்கிறோம் என்கிறார்கள், கேட்கிற மொழியில்தான் தகராறு.

எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு முடிச்சு. மலையாளத்தில் நோட்டீஸ் ஒட்டினால் 'உள்ளூர் மொழி' என்ற விதி நிறைவேறிவிடும். தமிழ் மட்டும் படித்த பாட்டிக்கு அது வெறும் காகிதம். ஆனால் கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்று இடம் வைத்தது. அரசியல் சட்டத்தின் 350-வது பிரிவும், குறைதீர்க்கும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ புழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது. இது எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

இங்கேதான் நம் வேலை இருக்கிறது. மஸ்கட், துபாய், சிங்கப்பூர், டொரோண்டோ என்று உட்கார்ந்திருக்கும் நம் வீடுகளில் ஆங்கிலமும் சட்டக் காகிதமும் படிக்கத் தெரிந்த ஒருவராவது உண்டு. பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். ஊரில் ஒரு ரோடு அகலப்படுத்துகிறார்கள், குவாரி வருகிறது, அணை வருகிறது, ஏதோ மண்டலம் அறிவிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், வாட்ஸப்பில் வந்ததை அப்படியே தள்ளிவிடாமல் மூலக் காகிதத்தைத் தேடிப் பிடியுங்கள். பெரும்பாலும் இணையத்தில் இருக்கும். ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி அனுப்புங்கள். நான் பார்ப்பது நாலே விஷயம்:

கருத்துச் சொல்லக் கடைசித் தேதி எது? வரைவு அறிவிக்கைக்கு 60 நாள் என்றால், ஊருக்குத் தெரியவரும்போது 40 போயிருக்கும்.

நிலத்தின் சர்வே எண்ணில் நம் லயம், நம் குடிதண்ணீர் ஓடை, நம் சுடுகாடு வருகிறதா?

பாதிக்கப்படுவோர் பட்டியலில் பட்டா இல்லாதவர்களை எண்ணியிருக்கிறார்களா?

கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு? கொழுந்து எடுக்கிற நேரத்தில் வைத்தால் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு யார் போவார்கள்? நேரத்தை மாற்றக் கேட்பதும் ஒரு மனுதான்.

அந்தத் திட்டம் நல்லதா கெட்டதா என்று நாம் இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஏசி அறையில் இருந்துகொண்டு காட்டைக் காப்பாற்று என்பதும் சுலபம், வளர்ச்சி வேண்டும் என்பதும் சுலபம். அங்கே இருப்பவர்கள் காகிதத்தைப் படித்துவிட்டு வேண்டும் என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி. அவர்கள் பெயரில், அவர்கள் கையெழுத்தோடு, கோப்பில் ஏற வேண்டும். பிற்பாடு ஏதாவது ஒரு நீதிமன்றத்தில் 'இவர்களைக் கேட்டீர்களா' என்று ஒரு நீதிபதி கேட்டால், எடுத்துக் காட்ட ஒரு காகிதம் வேண்டுமே.

மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்புகிறோம். அடுத்த முறை அனுப்பும்போது, பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் என்ன ஒட்டியிருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படித்துச் சொல்லுங்கள். மலையாளம் படிக்க ஆள் இல்லாவிட்டால் எனக்கு அனுப்பலாம். பத்திரம் படிப்பது என் தொழில், ஊருக்குப் படித்துச் சொல்லக் கட்டணம் கிடையாது.